சுடாததெல்லாம் பெத்தவளுக்கு

பலகையில் வரிசையாய்க் காய்ந்துகொண்டிருந்த பொம்மைகளில் கடைசிப் பொம்மையின் காதில் பல் பட்டிருந்தது.

விரல் பட்ட தழும்பு என்றுதான் ஆக்னஸ் முதலில் நினைத்தாள். அச்சிலிருந்து பிரித்து ஒரு பொழுதுகூட ஆகாத மண், வெண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் நடுப்பட்ட பதத்தில் இருக்கும். அவசரத்தில் தூக்கினால் காதோ மூக்கோ அமுங்கிப்போவது வழக்கம்தான். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள். அமுங்கவில்லை. காது மடலில் பாதியைக் காணோம். மீதி விளிம்பில் மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் இறங்கிய தடம், மாங்காயைக் கடித்து வைத்தது மாதிரி, அவ்வளவு சுத்தமாக. கடிபட்ட இடம் மட்டும் ஈரமாய்ப் பளபளத்தது.

எலியாக இருக்கும் என்று கூட வேலை செய்கிற வீராயி தன் வேலையிலிருந்து தலை தூக்காமலே சொன்னாள். எலிக்கு இத்தனை அகலமான பல் ஏது என்று ஆக்னஸ் கேட்கவில்லை. யாரோ மென்று துப்பிய வெற்றிலைச் சக்கையைக் கையில் ஏந்திக்கொண்டிருப்பது போலிருக்க, நேராகப் போய் அதைத் தொட்டியில் போட்டாள்.

அதுதான் அங்கே முறை. சூளையில் வேகாத மண் எதுவும் வீணில்லை. உடைந்தது, கோணியது, விரிசல் விட்டது, அச்சின் ஓரத்தில் சீவியெடுத்த பிசிறு, எல்லாம் திரும்பத் தொட்டிக்கே போகும். தரையில் இறக்கிக் கட்டிய சிமெண்டுத் தொட்டி, இடுப்பாழம். ஓர் இரவு அதில் ஊறினால் முகமும் கையும் கரைந்து பழையபடி கூழாகிவிடும். மறுநாள் அதையே மொண்டு வேறோர் அச்சில் ஊற்றுவார்கள். சூளை கண்ட பிறகுதான் பொம்மை பொம்மை. அதற்கு முன்னால் வெறும் மண்.

தொட்டி அதைக் களுக்கென்று விழுங்கிக்கொண்டது. விழுங்கிய இடத்திலிருந்து ஒரு நாற்றம் எழும்பி ஆக்னஸின் முகத்தில் அப்பியது. நாள்பட்ட மண்கூழ் நாறத்தான் செய்யும். சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி ஒரு வாடை, விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பாதி ஆயுசைக் கழித்தவளுக்கு அது வீட்டு வாடை. இது வேறு. பிள்ளை குடிக்காமல் கட்டிப்போன மார்ப்பால் ரவிக்கையில் வடிந்து காய்ந்து, அதன்மேல் வேர்வை பட்டு, மறுபடி நனைந்து புளித்தால் வருகிற நாற்றம். மேலே கூரையில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கம்பெனியில் மண் அரைக்கிற உருளை ஓயாமல் வயிறு புரளுகிற மாதிரி உருண்டுகொண்டிருந்தது. அவள் மூக்கைச் சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டு நின்றாள், தலைப்பிலும் அதே நாற்றம்.

அன்று மதியம், மகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்த சோற்றை அவளால் தொட முடியவில்லை.

அந்தப் பொம்மைகள் வந்த கதை சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. புரட்டாசி வெயிலில் வேல்விழி என்று ஒரு பெண் சென்னையிலிருந்து வந்தாள். கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று செய்கிறார்களாம், அதற்குக் கதை எழுதுகிற வேலையாம். முதலாளி செல்வநாதன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, மேடம் கேட்பதைச் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே வேலை செய்தது மூன்றே பெண்கள்: ஆக்னஸ், வீராயி, பெரியநாயகி. நாலு ஸ்டூலைப் போட்டு டீ வாங்கி வைத்துக்கொண்டு வேல்விழி விளக்கினாள்.

இது நடக்காத சரித்திரம் என்றாள். ஏதோ ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ஆண்கள் எல்லாம் கப்பலேறிப் போருக்குப் போய்த் திரும்பாமலே போகிறார்கள். அன்றிலிருந்து நிலம், ஆறு, வரி, சாமி எல்லாம் பெண்கள் கையில். அதற்கப்புறம் ராஜாவும் வரவில்லை, வெள்ளைக்காரனும் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் அப்படியே நடக்கிற அந்த நாட்டுக்கு விருத்தாசலம்தான் தலைநகரம். ஊர் ஆற்றில் கப்பல் வந்து நிற்கும். இதைக் கேட்டு வீராயி, மாடு கழுவவே அதில் தண்ணீர் காணோம், கப்பலைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும் என்று சொல்ல, சிரித்ததில் டீ சிந்தியது.

நாடு தயார், மதம்தான் பாக்கி. தாயை வைத்து நடக்கிற மதம். மண்ணிலிருந்து பிறந்த மதமாக இருக்க வேண்டும் என்பதால் மண்ணில் கை வைக்கிறவர்களையே கேட்கலாம் என்று வந்திருந்தாள். சாமி எப்படி இருப்பாள், எப்படிக் கும்பிடுவார்கள், எது தீட்டு, எதற்குப் பயப்படுவார்கள், எல்லாம் நீங்களே சொல்லுங்கள் என்றாள். அப்படி ஒரு கேள்வியை அந்த மூன்று பேரையும் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஆம்பளைக்குத் தீட்டு வைங்க மேடம்," என்றாள் வீராயி. "சம்பளம் வாங்குனா மூணு நாளைக்கு வூட்டுப் பக்கம் வரக் கூடாது. எப்பிடியும் அவனுங்க வர்றதில்ல."

பெரியநாயகி, கும்பிடுவதென்றால் குந்திக்கொண்டுதான் கும்பிட வேண்டும், நம் முட்டிக்கு அதுதான் பழக்கம் என்றாள். ஈரச் சேலையோடு, தலை விரித்து, தொட்டியைச் சுற்றிக் குந்த வேண்டும். பூசாரியும் பெண்தான், அவளுக்கு மூத்தவள் என்று பெயர். உடனே வீராயி, மூன்று பேரில் வயதில் பெரியவளான ஆக்னஸைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"ஒங்க சாமியாரு கோயில்ல பேச ஆரம்பிச்சா வூட்ல சோறு ஆறிப்போவுதுன்னு சொல்லுவியேக்கா. நம்ம மதத்துல மூத்தவ பேசணும்னா வாயில ஒரு குத்து மண்ண அடக்கிக்கிட்டுதான் பேசணும். அதுக்குள்ள எத்தன வார்த்த வருதோ அதான் வேதம்."

ஆக்னஸும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாதவள், ஆனாலும் சிரித்தாள்.

வேல்விழி சாமியின் படம் போட்டுக் காட்டினாள். பெருத்த வயிறு, மடக்கிய கால், கண் கிடையாது, முகம் முழுக்க அகலத் திறந்த வாய். மற்றப் பொம்மைகளுக்குக் கூழ் ஊற்றுகிற ஓட்டை அடியில் இருக்கும். இதற்கு அடி மூடியிருக்க வேண்டும் என்று அவள் சொன்னதால் ஓட்டையை வாயிலேதான் வைக்க வேண்டியதாயிற்று. ஆக்னஸ்தான் அந்த வேலையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அச்சின் வாய் வழியே கூழை ஊற்றி நிரப்ப வேண்டும். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் மண் தடித்துக்கொண்டே வரும். பதம் வந்ததும் கவிழ்த்து, உள்ளே உறையாமல் நிற்கிற மிச்சத்தை அதே வாய் வழியே வடித்துவிட வேண்டும். ஓடு அச்சில் நிற்கும். வடித்தது தொட்டிக்குப் போகும்.

எல்லா மதத்திலும் ஒரு பயம் இருக்குமே, இவர்கள் எதற்குப் பயப்படுவார்கள் என்று வேல்விழி கேட்டது அப்போதுதான். கையில் ஸ்பாஞ்சோடு நின்ற ஆக்னஸ், இடுப்பு வலியில் எப்போது உட்காரலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவள், யோசிக்காமலே சொன்னாள்.

"சுட்டதெல்லாம் நமக்கு. சுடாததெல்லாம் பெத்தவளுக்கு. அவ எப்ப வேணும்னாலும் திருப்பிக் கேப்பா."

யாரும் சிரிக்கவில்லை. வேல்விழி தன் முன்கையைத் தடவிக்கொண்டாள், ரோமம் நின்றிருந்தது. ஏன்க்கா, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறாய் என்று பெரியநாயகி மெதுவாகக் கடிந்துகொள்ள, ஆக்னஸ் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் சாமிக்குப் பெயர் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் பெத்தவள்.

பிள்ளைத்தாய்ச்சி என்றது ஆக்னஸின் மகள் ஜெனிபரை. ஆக்னஸுக்கு இருப்பது அவள் ஒருத்திதான். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மருமகன் அமல் துபாயில் இருந்தான். முதல் கர்ப்பம் தங்காமல் போனதிலிருந்து போனில் அவன் குரலே இறங்கிக் கிடந்தது. இந்த முறை கோணாங்குப்பம் மாதாவுக்குத் தொட்டில் நேர்ந்துகொண்டு, சம்பந்தி வீட்டில் சொல்லி, சேத்தியாத்தோப்பிலிருந்து மகளை முன்கூட்டியே அழைத்து வந்திருந்தாள் ஆக்னஸ். ஏழு மாதம் நிறைந்திருந்தது. இந்தப் பிள்ளையை முழுசாகக் கையில் வாங்கிவிட வேண்டும், அது போதும். தினமும் மதியச் சோற்றை ஜெனிபர்தான் கம்பெனிக்கு எடுத்து வருவாள். நடந்தால் நல்லது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்.

காது கடிபட்ட அன்று சாயங்காலம் ஆக்னஸ் வீட்டுக்குள் நுழைந்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தொட்டி நாற்றம். தன் சேலையில் ஒட்டி வந்தது என்று நினைத்துக் குளித்துவிட்டு வந்தாள். போகவில்லை. அது உள்ளறையிலிருந்து வந்தது. ஜெனிபர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தாடை மெதுவாக அசைந்துகொண்டிருந்தது, அசை போடுகிற மாடு மாதிரி, அவசரமே இல்லாமல்.

தோளைப் பிடித்துத் திருப்பினாள். கடைவாயில் வெள்ளையாய்க் கோடு. வாயைத் திற என்றாள். ஜெனிபர் திறக்கவில்லை. தாடையை அழுத்திப் பிடித்து ஆக்னஸ் திறந்தாள். நாக்கு பூராவும் சுண்ணாம்பு அடித்த மாதிரி பூசியிருந்தது, பல் இடுக்கெல்லாம் சேறு. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஏதோ அடக்கி வைத்திருந்தாள். ஆக்னஸ் விரலை விட்டு நெம்பி எடுத்தாள். எச்சிலில் ஊறி வழுவழுத்து, உடம்புச் சூட்டில் வெதுவெதுவென்று, உள்ளங்கையில் வந்து விழுந்தது பாதிக் காது. மடலின் சுழி இன்னும் கரையவில்லை.

ஆக்னஸ் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது மகள் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தாள்.

சோறு இருக்கிறது, குழம்பு இருக்கிறது, இந்தக் கருமத்தை ஏன் தின்கிறாய் என்று கேட்டாள். பசிக்கிறது என்றாள் ஜெனிபர். சோற்றைப் போட்டு வைத்தாள். ஜெனிபர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, குற்றம் செய்த குழந்தை மாதிரி கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இது என் பசி இல்லம்மா."

மாசமாக இருக்கிறவர்கள் மண் தின்பது ஊரில் இல்லாததல்ல. ஆக்னஸே ஜெனிபரைச் சுமந்தபோது சட்டி ஓடு நொறுக்கித் தின்றவள்தான். ரத்தம் குறைந்தால் அப்படித்தான், மாத்திரை கொடுங்கள் என்று நர்ஸம்மாவும் சொன்னார். அதையே ஆக்னஸ் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். சொன்னாலும் மகள் குடித்த டம்ளரை வாயில் வைக்க முடியவில்லை. அவள் துப்பிய எச்சில் முற்றத்தில் நூல் நூலாய் இழுபட்டு, காய்ந்து, வெள்ளைத் தகடாய்ப் பெயர்ந்தது. கக்கூசில் தண்ணீர் ஊற்றப் போனால் அங்கேயும் வெள்ளை. பெற்ற மகளைப் பார்த்து இப்படி அருவருப்பு வருமா என்று அவளுக்கே கேவலமாக இருந்தது. அருவருப்பு அதற்காக நிற்கவில்லை. தலை வாரிவிடும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். கழுத்தில் கை பட்டால் ரகசியமாகச் சேலையில் துடைத்தாள்.

இனிமேல் கம்பெனிப் பக்கம் வரக் கூடாது என்று மகளுக்குச் சொல்லி, சோற்றைத் தானே எடுத்துப் போனாள். ஐப்பசி மழை விடவில்லை. பலகைகளில் பெத்தவள்கள் வரிசை வரிசையாய் நின்றார்கள். ஒன்றும் காயவில்லை. துடைத்து வைத்த மேனியில் மறுபடி நீர் அரும்பியது, காய்ச்சல் விடுகிற உடம்பு மாதிரி. காயாத மண்ணைச் சூளையில் வைத்தால் வெடிக்கும், ஆகவே ஒன்றுகூடச் சூளை காணவில்லை. அத்தனையும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில்லாத முகத்தை ஒரே பக்கம் காட்டிக்கொண்டு. அந்தப் பக்கத்தில் தொட்டி இருந்தது.

வீராயி பேச்சைக் குறைத்துவிட்டாள். வாயாடி வீராயி, காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்டக்டரை வம்புக்கு இழுத்துவிட்டு வருகிறவள், இப்போது கேட்டால் தலையை ஆட்டினாள். ஒரு கன்னம் எப்போதும் உப்பியிருந்தது. வெற்றிலை போடுகிறாயா என்று ஆக்னஸ் கேட்டாள். வீராயி எதையோ விழுங்கிவிட்டு இல்லை என்றாள். விழுங்கியது தொண்டையில் இறங்குவது வெளியே தெரிந்தது.

ஜெனிபர் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. ஆனால் நகக்கண்ணில் வெள்ளை போகவில்லை, நாற்றமும் போகவில்லை. ஒருநாள் ஆக்னஸ் கட்டிலுக்கடியில் பெருக்கும்போது விளக்குமாறு ஒரு தூக்குச்சட்டியில் இடித்தது. பெரியநாயகியின் தூக்குச்சட்டி. மூடியைத் திறந்தாள். பாதிக்குக் கூழ் இருந்தது, கெட்டித் தயிர் மாதிரி. விரலால் வழித்த தடம். அதன் நடுவே நீளமாய் ஒரு தலைமுடி சுருண்டு கிடந்தது. ஜெனிபருடையது இல்லை. நரைத்த முடி.

அதைத் தெருச் சாக்கடையில் கொட்டிவிட்டு நேராகக் கம்பெனிக்குப் போனாள். பெரியநாயகி அச்சுகளைக் கவிழ்த்து வடித்துக்கொண்டிருந்தாள். மிச்சக் கூழ் சொளசொளவென்று வாளியில் இறங்கியது. வாயும் வயிறுமாக இருக்கிற பிள்ளைக்கு இதைக் கொண்டு போய்க் கொடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று ஆக்னஸ் கேட்டாள். பெரியநாயகி கோபப்படவில்லை. மறைக்கவும் இல்லை. மெதுவாக, வாயில் எதையோ ஒதுக்கிக்கொண்டு பேசினாள்.

"நெரப்பாம எப்பிடிக்கா வடிக்கிறது."

ஆக்னஸ் வெளியே வந்து, புளியமரத்தடியில் நனைந்தபடி வேல்விழிக்குப் போன் போட்டாள். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் மேடம், சுடாததெல்லாம் என்று நான் சொன்னேனே அதை, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றாள். மறுமுனையில் வேல்விழிக்கு முதலில் ஆளே நினைவு வரவில்லை. வந்ததும் அன்பாகத்தான் பேசினாள்.

"அந்த கேமே நிறுத்திட்டாங்கக்கா. எப்பவோ. பொம்மை வேணாம்னு ஒங்க ஓனர்கிட்ட அப்பவே சொல்லியாச்சு. அவர் சொல்லலியா?"

சொல்லியிருந்தார். செல்வநாதனைக் கேட்டால், வேலையை நிறுத்தச் சொல்லி வீராயியிடம் அன்றைக்கே சொன்னேனே, நீங்கள் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கேட்ட பொம்மைகளைத்தானே ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். அவர் உள்ளே வந்து பார்த்தே ரொம்ப நாளாகிறது. நாற்றம் தாங்கவில்லை என்று வாசலோடு போய்விடுகிறார்.

யாரும் கேட்காத சாமி. யாரும் வாங்க வராத பொம்மை. அவர்கள் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஊற்ற ஊற்றத் தொட்டியில் கூழ் குறையவும் இல்லை.

அன்று இரவு ஆக்னஸ் மகளின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். போன ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருந்தது. இப்போது அந்தத் தோல் மழைக்காலத்துச் சுவர் மாதிரி சில்லென்று இருந்தது. காதை வைத்தாள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு வேகமாய், சின்னதாய், எங்கோ அடியில் கேட்டது. உயிரோடிருக்கிறது. அதைச் சுற்றி வேறு ஒரு சத்தம். கெட்டியான எதுவோ மெதுவாகப் புரண்டு, குமிழி விட்டு, அடங்குகிற சத்தம்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குச் சேத்தியாத்தோப்பு. வேலையும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிட்டாள், துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். ஞாயிறு காலைப் பூசைக்கு ஜெனிபரையும் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தாள். நற்கருணை வாங்க ஜெனிபர் நாக்கை நீட்டியபோது சாமியார் ஒரு கணம் தயங்கியதை ஆக்னஸ் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, இரவெல்லாம் விழித்திருந்த அலுப்பில் சுவரோரம் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை. கட்டில் காலி. பின்கதவு திறந்திருந்தது.

எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. செருப்பில்லாமல் ஓடினாள். ஆலடி ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஸ்டேஷனில் ஏதோ ரயிலுக்கு அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேட்டையில் கரண்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, உருளைச் சத்தம்கூட இல்லை. கம்பெனிக் கதவு ஒருக்களித்திருந்தது. நாற்றம் கதவுக்கு வெளியிலேயே அவளைப் பிடித்துக்கொண்டது. ஈரத் துணியால் முகத்தை மூடின மாதிரி.

உள்ளே சாம்பல் வெளிச்சம். பலகைகளில் வாய்கள். எல்லாம் நனைந்து, எல்லாம் திறந்து.

தொட்டியோரம் வீராயியும் பெரியநாயகியும் குந்தியிருந்தார்கள். ஈரச் சேலை. விரித்த தலை. அன்றைக்கு டீ சிந்தச் சிரித்துச் சொன்னது எதுவும் விட்டுப்போகவில்லை. சிரிப்பு மட்டும் இல்லை. நடுவில் ஜெனிபர், தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கால்களை முழங்கால்வரை கூழுக்குள் விட்டு, இரு கையாலும் அள்ளி அள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். தாடையிலிருந்து வழிந்து, மார்பில் வழிந்து, வயிற்றில் வழிந்து. சப்புக் கொட்டுகிற சத்தம். வேறு சத்தமில்லை.

ஆக்னஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

கை வரவில்லை. ஆக்னஸின் விரல்தான் உள்ளே போனது. விட்டுவிட்டுப் பார்த்தாள். மகளின் புஜத்தில் ஐந்து விரலும் ஆழமாய்ப் பதிந்திருந்தன. பதிந்தது மேலெழும்பவில்லை. ரத்தமில்லை. ஜெனிபர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னும் பலமாக இழுத்தால் பிய்ந்துவிடும். ஆக்னஸுக்கு அது தெரிந்தது. ஆயுசு பூராவும் மண்ணைத் தூக்கின கைக்குத் தெரிந்தது.

"வாக்கா," என்றாள் வீராயி. வெகுநாளைக்குப் பிறகு தெளிவான குரல். "ஒனக்காவத்தான் நிறுத்தி வச்சிருக்குறோம். திருப்பிக் கேப்பான்னு சொன்ன. கேட்டுட்டா. அப்பறம் என்னான்னு நீ சொல்லவே இல்லியே."

அப்புறம் என்ன என்று அன்று யாரும் சொல்லவில்லை. டீ ஆறிப்போயிருந்தது, எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். மதம் அங்கேயே நின்றிருந்தது, பாதியில். மூத்தவள் வாய் திறக்க வேண்டும் என்று காத்துக்கொண்டு.

பெரியநாயகி தொட்டியில் கை விட்டு ஒரு குத்து அள்ளி நீட்டினாள்.

ஆக்னஸுக்குப் புரிந்தது. சொன்னால் நடக்கும். ஒரே ஒரு வார்த்தை, அதை அவள் தீர்மானித்துவிட்டாள். பெத்தவ இத வுட்டுட்டா. அவ்வளவுதான். இந்தப் பிள்ளையை விட்டுவிட்டாள், போங்கள், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள். வாயில் ஒரு குத்து மண். அதற்குள் ஒரு வார்த்தை. தன் மகளின் பிள்ளைக்காக இதைக்கூடச் செய்ய மாட்டாளா.

வாயைத் திறந்தாள். பெரியநாயகி வைத்தாள்.

குளிர்ச்சியில்லை. வெதுவெதுப்பு. நாக்குக்கு அடியில் தானாக நகர்ந்து இடம் பிடித்துக்கொண்டது. உப்பு. புளிப்பு. வேறொரு வாயின் ருசி. பல வாய்களின் ருசி. கண்ணில் நீர் முட்ட, மூக்கால் மூச்சை இழுத்து, நாக்கைப் புரட்டினாள்.

"பெத்தவ..."

வந்தது. அந்த வார்த்தை வந்தது. வீராயியும் பெரியநாயகியும் முன்னால் சாய்ந்தார்கள். பலகைகளில் எதுவோ சொட்டுவது நின்றது.

"பெத்தவ இத..."

மண்ணுக்குள் எதுவோ நாக்கில் தட்டியது. மெல்லிசாய். ஓரம் கூராய். பச்சைப்பிள்ளையின் நகம் மாதிரி, அரிசியைவிடச் சின்னது. ஒன்றல்ல. நாக்கெங்கும்.

வயிறு எம்பியது. வேண்டாம். பொத்திக்கொண்டாள், இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மாதாவே, வேண்டாம். விரலிடுக்கில் பீறிட்டு, மூக்கில் பீறிட்டு, மண்ணும் மதியச் சோறும் காலையில் வாங்கின நற்கருணையும் எல்லாமாய்த் தொட்டிக்குள் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை.

ஒருவழியாக நின்றது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆக்னஸ் தலையை ஆட்டினாள். இல்லை. இது இல்லை. நான் இதைச் சொல்லவில்லை. குரல் வரவில்லை.

"மூத்தவ வடிக்கச் சொல்லுது," என்றாள் பெரியநாயகி, வேலை நேரத்தில் சொல்லுகிற மாதிரி, சாதாரணமாக.

இருவரும் எழுந்தார்கள். ஜெனிபரின் தோளுக்கடியில் ஒருத்தி, இடுப்பில் ஒருத்தி. அலுங்காமல், குலுங்காமல், பதம் வந்த அச்சைத் தூக்குகிற அதே கை. தொட்டிமேல் முகம் வருமாறு கவிழ்த்தார்கள். ஜெனிபர் வாயைத் திறந்தாள். திறந்துகொண்டே போனாள். கண் இருந்த இடம் மடிந்து உள்ளே போகிற அளவுக்கு.

சொளசொளவென்று.

வெள்ளையாய், தடியாய், விட்டு விட்டு. நைட்டிக்குள் வயிறு இறங்கியது. இறங்கி, தளர்ந்து, தட்டையானது. நடுவில் ஒருமுறை அடைத்துக்கொண்டது. தொண்டை உப்பியது. வீராயி முதுகில் பதமாகத் தட்டினாள். மறுபடி வடிந்தது.

ஆக்னஸ் கை நீட்டினாள். கூழுக்குள் கையை விட்டால் ஆயிற்று. தேடி எடுத்துவிடலாம். நீட்டிய கை மேலேயே நின்றது. உடம்பு கூசியது. கை இறங்கவில்லை.

ஜெனிபரை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் வலி இல்லை, களைப்பு இல்லை. எதுவுமே இல்லை.

தொட்டி விளிம்புவரை ஏறியிருந்தது. ஆறுகிற பாலில் படிகிற மாதிரி மேலே மெல்லிசாய் ஆடை படிந்தது. அந்த ஆடையை அடியிலிருந்து எதுவோ முட்டியது. சின்னக் குதிகால். தாயின் தோலுக்கடியில் தெரிவது போல உருண்டு எழும்பி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மெதுவாக வழுக்கிக்கொண்டு போய், அமிழ்ந்து, மறுபடி எழும்பியது.